உப்பு டப்பாவில் சாய்ந்து நின்ற பாரீஸ்

அவருடைய ஓவியங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. ஒன்று, ஆரம்பகாலப் படங்களை அவர் கான்வாஸில் வரையாமல் அட்டைப்பெட்டியில் வரைந்தார் என்பது. இன்னொன்று, அந்தப் படங்களில் இருக்கும் பெண்ணுக்குத் தலை கிடையாது என்பது. கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும்தான் இருப்பாள். வெங்காயம் உரித்துக்கொண்டோ, மாவு பிசைந்துகொண்டோ, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டோ நிற்பாள். நாடு விட்டுப் போனவனின் நினைவில் முதலில் அழிவது முகம்தான் என்று ஒருவர் பெரிய கட்டுரையே எழுதியிருந்தார். படித்தபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அட, போனை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்தால் கழுத்துக்கு மேலே தெரியாதய்யா! அவ்வளவுதான் சங்கதி. அந்தப் பெண் நான்தான். விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். போனுக்கு அந்தப் பக்கம் பாரீஸில் அவர் இருந்தார். நான் அவர் மனைவி.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் பலருக்குத் தெரிந்துவிடும். அவ்வளவு பேர் வாங்கிவிட்டார். வாங்கட்டும், வாங்க வேண்டிய ஆள்தான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.

நாங்கள் இருவரும் திண்டிவனத்தில் ஒரே தனியார் பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் டிராயிங் மாஸ்டர், நான் தமிழ் டீச்சர். பரீட்சை நெருங்கினால் எல்லா டீச்சர்களும் டிராயிங் பீரியடைப் பிடுங்கிக்கொள்வார்கள். நான் பிடுங்கமாட்டேன். "அதுல வுழுந்தவன்தான் நான்" என்று அவர் பின்னால் சொல்லுவார். மயிலம் கோயிலில் கல்யாணம் நடந்தது. ரிஜிஸ்தர் பண்ணிக்கலாம், பண்ணிக்கலாம் என்று தள்ளிப்போட்டோம். சொந்தபந்தம் மொத்தமும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது, இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்று இருந்துவிட்டோம். எங்கள் பக்கத்தில் நிறைய பேர் இப்படித்தான். பிறகு எனக்குக் கோலியனூரில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்ததும் விழுப்புரத்துக்கு வீடு மாறினோம். அவர் பெயர் மட்டும் திண்டிவனத்தில் அவர் அம்மாவின் ரேஷன் கார்டிலேயே கிடந்தது. அதையும் மாற்றவில்லை.

லீவு நாட்களில் அவர் சுவர்ப்படம் வரையப் போவார். அப்படித்தான் பொம்மையார்பாளையத்தில் கடலோரத்து கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் வேலை வந்தது. நீளச் சுவர். மயிலும் குத்துவிளக்கும் வரும் என்று ஓனர் எதிர்பார்த்திருக்கிறார். இவர் வலை இழுக்கிறவர்களின் முதுகுகளை மட்டும் வரிசையாக வரைந்து வைத்தார். ஓனருக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் அந்தச் சுவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் நாட்டில் ஓவியர்கள் தங்கி வரையும் முகாம் ஒன்று நடக்கிறதாம். மூன்று மாதம். டிக்கெட், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

"மூணு மாசந்தான். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்றார்.

"நல்லா வரஞ்சி பேர் வாங்கிக்கினு வாங்க" என்றேன். நானே சொன்னேன்.

முகாம் முடிந்தது. திரும்பி வரும் தேதிக்கு முன்னால் பாரீஸிலிருந்து பேசினார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. மியூசியம் ஒன்றில் ஒரு படத்துக்கு முன்னால் நின்றவர், கதவு சாத்துகிறவரைக்கும் நகரவே இல்லையாம். "நான் இவ்ளோ நாளா வரஞ்சிக்கினு இருந்ததெல்லாம் ஒண்ணுமே இல்ல. கொஞ்ச காலம் இங்க இருந்தாத்தான் நான் ஆளாவேன்" என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். விசா முடிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் மறுபடியும் அந்தப் படத்தைப் பற்றியே பேசினார். டிக்கெட் வீணாகப் போனது.

பாரீஸ் என்றால் நமக்கு விளக்கும் கோபுரமும்தான். நான் பார்த்த பாரீஸ் ஒரு ஓட்டலின் பின்பக்கம். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்திருந்தது. தங்கியது காரைக்கால், புதுச்சேரிப் பக்கத்துப் பையன்களோடு ஒரே அறையில். கட்டிலை முறை போட்டுத் தூங்குவார்கள். இவர் ராத்திரி ஷிப்டுக்காரன் எழுந்துபோன சூட்டிலேயே படுத்துக்கொள்வார். அறையில் பெயிண்ட் வாசனை ஆகாது, தலை வலிக்கிறது என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்ததால் ஓட்டல் பின்படிக்கட்டில் உட்கார்ந்துதான் வரைவார். காய்கறி வந்த அட்டைப்பெட்டிகள் அங்கே அடுக்கிக் கிடக்கும். பிரித்துத் தட்டையாக்கி அதில் வரைவார். கான்வாஸ் வாங்க வழியில்லை, அட்டை சும்மா கிடைத்தது. இதைத்தான் இப்போது தத்துவம் என்கிறார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து ராத்திரிக் கூட்டம் வருவதற்கு நடுவில் அவருக்கு இடைவேளை. இங்கே அப்போது விளக்கு வைத்திருப்போம். நான் பள்ளிவிட்டு வந்து சமையலில் இருப்பேன். வீடியோவில் வருவார்.

"பேசாத. அப்டியே வேலையப் பாத்துக்கினு இரு" என்பார்.

"புருஷன் பாரீஸ்லருந்து போன் பண்றதே வெங்காயம் உரிக்கிறதப் பாக்கவா?"

"ஆமா. உரி."

உரிப்பேன். ஒரு ஆள் சாம்பாருக்கு ஐந்தாறு வெங்காயம் போதும். அவர் வரைந்து முடிக்க வேண்டுமே என்று ஒரு முறம் நிறைய உரித்துவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவேன். என்ன டீச்சர், தினமும் விருந்தா என்று கேட்பாள். வெங்காயத்தில் ஒரு வசதி, அழுதால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எப்படியும் என் முகம் அவருக்குத் தெரியாது. பென்சில் அட்டையில் உரசுகிற சத்தம் மட்டும் போனில் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் கேட்கிறவரைக்கும் எனக்குப் புருஷன் வீட்டில் இருக்கிற மாதிரிதான். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

முதல் குளிர்காலத்தில் கையைப் போனுக்கு முன்னால் விரித்துக் காட்டினார். சோப்புத் தண்ணீரும் குளிரும் சேர்ந்து விரலெல்லாம் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. பிரஷ் பிடிக்கிற கை. "வந்துடுங்களேன். இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்று கத்தினேன். "வந்தா திரும்பி உள்ள வுடமாட்டாங்க" என்றார். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வறுத்துத் தின்ன வேண்டும் போல இருக்கிறது என்று சம்பந்தமில்லாமல் சொன்னார். அன்றைக்கு அவர் வரையவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த அறையில் இருந்த ஒரு பையனை விசா இல்லையென்று ரயிலடியில் போலீஸ் பிடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பின் இவர் மியூசியம் பக்கமே போவதில்லை. எதற்காக அங்கே இருந்தாரோ அதையே பார்க்க முடியாமல் அறைக்கும் ஓட்டலுக்கும் நடுவே பதுங்கிப் பதுங்கி நடந்தார். இப்படியே கொஞ்ச காலம் போனது. ஒரு நாள், "ஒரு வழி இருக்குது, கோவப்படாம கேளு" என்று ஆரம்பித்தார்.

ஓட்டல் இருந்த தெருவிலேயே படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்று. அதை நடத்துகிறவள் இவர் படிக்கட்டில் வரைவதைப் பார்த்துவிட்டு, கடையின் பின்பக்கத்தில் வந்து வரையச் சொல்லியிருந்தாள். அது எனக்குத் தெரியும். இப்போது அவளைக் கல்யாணம் செய்துகொண்டால் அந்த நாட்டிலேயே தங்குவதற்கான கார்டு கிடைத்துவிடும் என்றார்.

"பேப்பருக்குத்தான். கார்டு கைக்கு வந்தா அத்தோட முடிஞ்சிது. அப்புறம் உன்ன இட்டுக்கினு வந்துடறேன்."

"பேப்பருக்குன்னா? பேப்பர்ல அவ, அடுப்படியில நானா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தேன்.

கொஞ்ச நாள் எடுக்கவே இல்லை. அவர் விடாமல் அடித்தார். கடைசியில் எடுத்தபோது, "நான் திரும்பி வந்தா மறுபடியும் டிராயிங் மாஸ்டர்தான். செத்துப்போற வரைக்கும் ஆப்பிளும் தேசியக் கொடியும்தான் வரையணும். சொல்லு, வந்துடறேன்" என்று அழுதார். நான் என்ன சொல்ல? வா என்று சொல்லி அவரைக் கொண்டுவந்து அந்த வகுப்பறையில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. அதோடு, நாளைக்கு நானும் அந்த ஊருக்குப் போவேன், அந்தப் படத்துக்கு முன்னால் அவரோடு நிற்பேன் என்ற ஆசையும் இருந்தது. சரி என்றேன். பேப்பருக்குத்தானே.

அங்கே கல்யாணம் செய்ய, அவர் கல்யாணமாகாதவர் என்று இங்கிருந்து ஒரு சான்றிதழ் வேண்டும். நாங்கள் ரிஜிஸ்தர் செய்யாமல் விட்டது இதற்கு வாகாகப் போய்விட்டது. எந்தக் காகிதத்திலும் நான் இல்லை. அலைந்து திரிந்து விண்ணப்பம் போட்டதும் நான்தான். என் புருஷனுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று சான்றிதழ் வாங்க, நானே திண்டிவனம் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். இதை எழுதும்போது என்னை நானே ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருக்கிறது.

விசாரிக்க வி.ஏ.ஓ. மாமியார் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், வயசானவர். நான் காபி கொண்டுபோய் வைத்தேன்.

"உங்க பையனுக்கு உண்மையிலயே கல்யாணம் ஆகலயாம்மா?"

"இல்லீங்க சார்" என்றார் மாமியார்.

வி.ஏ.ஓ. என்னைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். "இவங்க யாரு?"

மருமகள் என்று சொன்னால் முடிந்தது கதை. என் வீட்டுக்காரருக்கோ கூடப்பிறந்தவர் யாருமே இல்லை, ஒரே பிள்ளை. மாமியார் சட்டென்று, "எம்பொண்ணு சார். அவனுக்குத் தங்கச்சி" என்றார்.

"அப்படியா? மாப்ள என்ன பண்றாரு?"

"வெளிநாட்டுல இருக்காருங்க சார்" என்றேன் நான்.

"அண்ணனும் ஃபாரினு, வூட்டுக்காரரும் ஃபாரினா! பரவால்லயே" என்று சிரித்துக்கொண்டே காபியைக் குடித்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் நானும் மாமியாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்தபின் மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "என் வாயாலயே சொல்ல வச்சிட்டானே, பாவி" என்றார்.

அன்று சாயங்காலம் அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவரும் சிரித்தார். "இன்னா தங்கச்சி, சாப்ட்டியா?" என்று கேலி செய்தார். எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்தக் கல்யாணம் நடந்தது. போட்டோ அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. சட்டம் போடும் கடையின் பின்னறைக்கே குடிபோனார். ஹீட்டர் போட்ட அறை, பெரிய ஜன்னல், தனி மேஜை. பாத்திரம் கழுவும் வேலையை விட்டார். கை ஆறியது. வழக்கம்போல இடைவேளை நேரத்தில் வருவார், நான் உரிப்பேன், அவர் வரைவார். ஆனால் அவர் அனுப்பும் படங்களில் ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் அந்தப் பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு இருக்கும். இப்போது வெறுங்கழுத்து.

"இன்னாங்க, கயித்தக் காணோம்?"

"காம்போசிஷனுக்கு ஒத்து வரல" என்றார்.

ஓவியம் எனக்கு என்ன தெரியும்? விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் போனில் அவருக்குப் பதில் அவள் முகம் வந்தது. கண்ணாடி போட்ட, கன்னம் சிவந்த, நல்ல களையான முகம். என்னைவிடக் கொஞ்சம் வயசு கூட இருக்கும். உப்பு டப்பாவிலிருந்து போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தேன். அவள் கஷ்டப்பட்டு ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் சொன்னாள்: "தங்கச்சி, நல்லா இருக்கியா?"

அவளுக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். இரண்டு கையையும் கூப்பவில்லை, அவ்வளவுதான். கண்ணால் கெஞ்சினார். நல்லா இருக்கேன் என்று சொன்னேன். அவள் சந்தோஷமாகக் கையை ஆட்டினாள்.

மறுநாள் கேட்டேன். "பேப்பருக்குத்தான கல்யாணம்? பேப்பருக்குக் கட்டிக்கினவகிட்ட எதுக்குப் பொய்? பொண்டாட்டின்னு சொன்னா இன்னா?"

"அவங்களுக்கு அது பேப்பர் இல்ல" என்றார்.

"உங்களுக்கு?"

"கார்டு வரட்டும். எல்லாத்தையும் சொல்லிடறேன். உன்ன வுட்டுடுவனா?"

அதைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கார்டு வரட்டும், கார்டு வரட்டும். கார்டும் வந்தது. ஆனால் அதே வருஷம் அட்டைப்பெட்டிப் படங்களை ஒரு பெரிய இடத்தில் வைத்தார்கள். பேர் வந்தது. பேப்பரில் போட்டார்கள், டி.வி.யில் காட்டினார்கள். இப்போ சொன்னா எல்லாம் கெட்டுடும், அடுத்த கண்காட்சி முடியட்டும் என்றார். அது முடிந்தது, இன்னொன்று வந்தது. இடைவேளை நேரத்துப் போன் வாரத்துக்கு ஒன்றானது, அப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்றானது. வரைய என்னை நிற்கச் சொல்வதும் நின்றுபோனது. எந்தத் தேதியோடு நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் மட்டும் ரொம்ப நாள் போனை அங்கேயே சாய்த்து வைத்துக்கொண்டு சமைத்தேன். பைத்தியக்காரி. மாமியாருக்கு முழங்கால் முடியாமல்போக என்னோடு விழுப்புரத்துக்கே கூட்டிவந்துவிட்டேன். நாங்கள் இருவரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை.

போன தை மாதம் அவர் ஊருக்கு வந்தார். விழுப்புரத்துக்கு வரவில்லை. பொம்மையார்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அவளோடு தங்கிக்கொண்டு போன் செய்தார்.

"ஒரு ஒதவி. உன்னத் தவிர யாரையும் கேக்க முடியாது" என்றார்.

அவளுக்கு நம் முறையில் ஒரு தடவை தாலி கட்டிக்கொள்ள ஆசையாம். சொந்தக்காரர் யாரையும் கூப்பிடவில்லை, அவளுடைய சிநேகிதர்கள் மட்டும்தான். ஆனால் எங்கோ படித்து வைத்திருக்கிறாள். மாப்பிள்ளை ஒரு முடிச்சு போட்டதும், மற்ற இரண்டு முடிச்சையும் மாப்பிள்ளையின் தங்கை பின்னால் நின்று போட வேண்டும், அது நாத்தனார் முடிச்சு என்று. உனக்குத்தான் தங்கச்சி இருக்கிறாளே, அவள் வந்து போட்டால்தான் ஆச்சு என்று பிடிவாதமாக இருக்கிறாளாம்.

நான் அவரைத் திட்டவில்லை. மாமியார்தான் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு, "போவாதடி. அவன் மனுசனா? நீ போனீன்னா நானே உன்ன வூட்டுக்குள்ள சேக்கமாட்டேன்" என்று அலறினார்.

நான் போனேன். ஏன் போனேன் என்று என்னைக் கேட்பீர்கள். ஒரே ஒரு நம்பிக்கையில் போனேன். நான் பக்கத்தில் நிற்கும்போது இன்னொருத்தி கழுத்தில் கட்ட அவர் கை ஓடாது. அந்த மனுஷனை எனக்குத் தெரியும். மல்லாட்டைக்கு ஏங்கின மனுஷன். கயிற்றைக் கையில் வாங்கியதும் என்னைப் பார்ப்பார், உடைந்துபோவார், இவள்தான் என் பொண்டாட்டி என்று அங்கேயே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். பஸ்ஸில் போகும்போது அவர் அழுதால் என்ன சொல்லித் தேற்றுவது என்றுகூட யோசித்துக்கொண்டு போனேன்.

வாழைமரம், தோரணம், நாயனம் எல்லாம் வைத்திருந்தார்கள். அவள் பட்டுப்புடவையில் தடுமாறித் தடுமாறி நடந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு முன்வழுக்கை விழுந்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பள்ளி வராந்தாவில் எதிர்ப்படும் ஹெட்மாஸ்டரைப் போல. ஐயர் தாலியை நீட்டினார். அவர் வாங்கினார். நான் அவள் முதுகுக்குப் பின்னால், அவர் முழங்கை என்மேல் உரசுகிற தூரத்தில் நின்றேன். அவர் குனிந்து முடிச்சைப் போட்டார். முடிச்சு சரியாக விழுந்ததா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

கயிற்றின் இரண்டு நுனியும் என் கைக்கு வந்தது. கீழே போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். சபையில் கத்தியிருக்கலாம். அவள் தலைமுடி முடிச்சில் சிக்காமல் இருக்கக் கழுத்தைக் குனிந்து காட்டிக்கொண்டு நின்றாள். வெயிலில் சிவந்து, பொரிப்பொரியாக இருந்தது அந்தக் கழுத்து. எனக்கு அவள்மேல் ஆத்திரம் வரவேயில்லை. அவளிடமும்தான் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் திரும்பி என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

நான் சாப்பிடவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டேன். அவர் பின்னாலேயே வேகமாக வந்தார். அங்கே வேறு யாரும் இல்லை. ஏதாவது சொல்லுவார் என்று நின்றேன். "சாப்ட்டுப் போயேன்" என்றார்.

இத்தனை வருஷமாக அவரிடம் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தது ஒரு வண்டி. அதில் ஒன்றுகூட வரவில்லை. அவரைக் கொல்ல வேண்டும் போல இருந்தது. கட்டின பொண்டாட்டி எந்த வார்த்தையைச் சொன்னால் ஒரு ஆம்பளை கூனிக் குறுகிப்போவானோ அந்த வார்த்தையைத் தேடி எடுத்தேன்.

"நான் கெளம்பறேண்ணே. அண்ணிய நல்லா பாத்துக்கோங்க."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். துடித்துப்போவார், கையைப் பிடித்துக்கொள்வார், குறைந்தபட்சம் அப்படிக் கூப்பிடாதே என்றாவது கத்துவார் என்று பார்த்தேன். ஒரு நிமிஷம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் தெளிந்தது. ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டு நின்ற எதையோ நானாகவே வந்து இறக்கி வைத்துவிட்ட மாதிரி மூச்சு விட்டார்.

"சரிம்மா. பாத்துப் போ" என்றார்.